காட்டில் ஒரு கூடாரம்: முல்லைப்பாட்டும் நம் பயணக் கட்டுரைகளும்

காடு என்னும் சொல் பேராக் மாநிலத் தமிழரிடையே மூன்று தலைமுறைகளில் மூன்று பொருள் கொண்டுள்ளது. பாட்டனாருக்கு அது வேலைக்காடு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, கத்தியும் வாளியுமாய்ச் சென்று பால்மரம் சீவிய இடம் அது. தந்தையாருக்கு அது அச்சத்தின் மறுபெயர். 1948 ஜூன் 16 ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீண்டது. முள்வேலிக்கு உள்ளே லயம், வெளியே காடு என்று வாழ்ந்தவர் அவர். பேரனுக்கோ காடு என்பது விடுமுறையில் வாடகை கொடுத்துத் தங்கிவரும் இடம்.

இம்மூன்றாம் பொருளைப் பற்றி இன்று நம்மவர் நிறையவே எழுதுகின்றனர். ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் வட்டாரத்தில் ஆற்றோரங்களில் மூங்கிற் குடில்களும் மரக் குடில்களும் கூடாரங்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பிற நாடுகளில் 'யூர்ட்' எனப்படும் வட்டக் கூடாரமும் இவ்வாறு காட்டிடையே வாடகைக்கு விடப்படுகிறது. அது மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பரின் வீடு. மடக்கக்கூடிய மரச்சட்டத்தின்மேல் கம்பளி நமுதாவைப் போர்த்தி அமைப்பது. பிரித்துக் கட்டி விலங்கின்மேல் ஏற்றிச் செல்லத்தக்கது. கிர்கிஸ் நாட்டுக் கொடியின் நடுவில் அக்கூடாரத்தின் உச்சி வளையமே பொறிக்கப்பட்டுள்ளது. மங்கோலியரின் கூடாரக் கலையை 2013 இலும், கிர்கிஸ், கசாக் மக்களின் கலையை 2014 இலும் யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஒரு மக்களின் பிழைப்புக்கான வீடு மற்றொரு மக்களின் பொழுதுபோக்குக்கான அறையாக மாறுவது உலகெங்கும் நடப்பதே. அதனைக் குற்றமென்று கூற யாம் முன்வரவில்லை. அவ்வறையில் தங்கித் திரும்பியவர் எழுதும் எழுத்தே ஈண்டு நம் ஆய்வுக்குரியது.

அவ்வெழுத்தின் போக்கை வாசகர் நன்கறிவர். நகரத்து இரைச்சலை விட்டகன்றதாகத் தொடங்கும். ஓடையின் குளிர்ச்சி வரும். இரவில் பூச்சிகளின் ஒலி வரும். இயற்கை அன்னையின் மடி வரும். மீண்டும் நகரத்துக்குத் திரும்பும் ஏக்கத்தோடு முடியும். மொழி இனிமையாகவே இருக்கும். ஆனால் அக்கட்டுரையில் எழுதியவரைத் தவிர வேறு மனிதரைக் காண்பது அரிது. குடிலைக் கட்டியவர் யார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, காலையில் அடுப்பு மூட்டியவர் யார், அந்நிலம் முன்பு என்னவாக இருந்தது என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் கோப்பெங்கைப் பற்றிய கட்டுரையைக் கொடைக்கானலுக்கும் பொருத்திவிடலாம். இதுவே அதன் பெருங்குறை.

காட்டில் அமைத்த கூடாரத்தை எவ்வாறு எழுதுவது என்பதற்குத் தமிழில் ஒரு முன்மாதிரி உண்டு. பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டே அது. நப்பூதனார் பாடிய இப்பாட்டின் அடிகள் 103 மட்டுமே. கணவனைப் பிரிந்து காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய அகப்பாட்டுத்தான் இது. எனினும் அதன் நடுவே காட்டிடைப் பாசறை ஒன்று முழுமையாக எழுந்து நிற்கிறது. புதர்களை அகற்றியதைக் கூறும் புலவர், அங்கிருந்த வேட்டுவரின் சிற்றரண்களை அழித்ததையும் மறவாமல் கூறுகிறார். யார் இருந்த இடத்தில் கூடாரம் எழுந்தது என்பது முதலிலேயே பதிவாகிவிடுகிறது. பின்னர் முள்வேலி வருகிறது. கரும்புணவை மறுக்கும் யானையும், வடமொழி பேசி அதனைப் பழக்கும் இளைஞரும் வருகின்றனர். இடையில் வாளைக் கட்டிய மகளிர் விளக்கேற்றுகின்றனர். நீர்க்கன்னல் கொண்டு பொழுதளப்போர், உள்ளறையை அமைத்த யவனர், பேச்சின்றிச் சைகையாற் பேசும் மிலேச்சர் ஆகிய அனைவரும் தத்தம் தொழிலோடு காணப்படுகின்றனர். இத்தனை பேர் உழைப்பின் நடுவில்தான் மன்னன் படுத்திருக்கிறான், அவனுக்கோ உறக்கமில்லை. அம்பு தைத்த வலியால் உண்ணாது செவி சாய்த்து நிற்கும் குதிரைகளை எண்ணி விழித்திருக்கிறான்.

இந்த அளவுகோலை நம் மாநிலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். கோப்பெங் மலைச்சாரல் செமாய் மக்கள் நெடுங்காலம் வாழ்ந்துவரும் நிலம். 1877 இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. பின்னர்ப் பேராக் எங்கும் தோட்டங்கள் பரவியபோது காட்டை அழித்து மரம் வளர்த்தவருள் பெரும்பகுதியினர் தமிழர். அவசரகாலத்தில் லயங்கள் பல ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. காட்டிலிருந்தோர்க்கு உணவு செல்லாதிருக்கத் தொழிலாளியின் சோற்றுப் பொட்டலமும் சோதனைக்கு உள்ளாயிற்று. அடுத்துத் தோட்டத் துண்டாடல் வந்தது. அதற்கு மாற்றாக 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த துன் வீ. தி. சம்பந்தன் இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தனர். இத்தகைய மண்ணில் ஓரிரவு தங்கி, பூச்சியின் ஒலியை மட்டும் கேட்டுத் திரும்பும் எழுத்தாளரின் செவியில் ஏதோ பழுது இருக்கவேண்டும்.

மறுபுறத்துக் குறையையும் மறைப்பதற்கில்லை. பால்மரக் காட்டினிலே என்று அகிலன் தம் நாவலுக்குப் பெயரிட்டார். அப்பெயரில் உழைப்பும் அழகும் ஒருங்கே நிற்கின்றன. ஆனால் நம் தோட்டச் சிறுகதைகள் பலவற்றில் லயம் என்றதும் புறாக்கூண்டு என்னும் உவமை தானாகவே வந்து அமர்ந்துவிடுகிறது. கண்ணீர் உண்டு, கங்காணியின் கொடுமை உண்டு, இவை உண்மையே. எனினும் தகரக் கூரையில் மழை விழும் ஓசை, லயத்துப் பின்புறக் கீரைப்பாத்தி, மங்கின் அடியில் உறைந்த ஒட்டுப்பாலின் வாடை, எந்தக் காட்டுக்கீரை உண்ணத்தக்கது என்றறிந்த கிழவியின் அறிவு ஆகியவை அரிதாகவே எழுதப்பட்டுள்ளன. பயணக் கட்டுரையாளர் மனிதரை விட்டுவிட்டுக் காட்டைக் கண்டார். கதையாசிரியரோ மனிதரின் துயரத்தைக் கண்டு, அவர் வாழ்ந்த காட்டை விட்டுவிட்டார். இருவரிடமும் இருப்பது பாதிப் பார்வையே.

இன்பத்துக்காக எழுதப்படும் கட்டுரையின்மேல் வரலாற்றுச் சுமையை ஏற்றலாமா என்று சிலர் வினவக்கூடும். முல்லைப்பாட்டே அதற்கு விடை. பாசறையில் உழைப்போரைக் காட்டியதால் அதன் காதற்சுவை குன்றவில்லை. அத்தனை பேரும் சூழ்ந்திருந்தும் மன்னன் தனித்து விழித்திருக்கிறான் என்பதனாலேயே அவன் திரும்பி வரும் காட்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. உண்மை சேர்ந்தால் இன்பம் ஆழமாகும் என்பதே நம் பழம்புலவர் காட்டிய வழி.

பால்மரம் சீவிய கைகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. எந்த லயம் எந்த மேட்டில் இருந்தது, எந்த ஓடையில் துணி துவைத்தனர் என்று சொல்லவல்லோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களும் மறைந்தபின், அவ்விடங்களைப் பற்றி எஞ்சுவது விடுமுறைக்கு வந்து சென்றவரின் வருணனை மட்டுமே என்றால், நம் பேரப்பிள்ளைகள் தம் பாட்டனின் நிலத்திலேயே விருந்தினராகிவிடுவர். ஆகவே, காட்டுக் குடிலில் தங்கச் செல்லும் எழுத்தாள நண்பர்களை ஒன்று வேண்டுகிறேன். காலையில் தேநீர் கொண்டுவரும் அந்த மனிதரிடம் ஒரு வினாவாவது கேளுங்கள்: 'ஐயா, இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது?' அவர் கூறும் விடையிலிருந்து உங்கள் கட்டுரையைத் தொடங்குங்கள்.