அழைப்பின்போது ஒலிவாங்கி யார் கையில்? ஆண்ட்ராய்டு 16 தரும் காதொலிக் கருவிக் கட்டுப்பாடுகள்: ஒரு மதிப்பீடு

திறன்பேசியுடன் புளூடூத் வழியே இணையும் இன்றைய காதொலிக் கருவியின் ஒலிவாங்கிக்கு இருவேறு பணிகள் உண்டு. அணிந்திருப்பவரைச் சூழ்ந்துள்ள ஒலியை வாங்கி, அவருடைய செவித்திறன் இழப்புக்கேற்பப் பெருக்கிக் காதுக்குள் சேர்ப்பது முதற்பணி. தொலைபேசி அழைப்பின்போது அவருடைய குரலையே வாங்கி மறுமுனையில் இருப்பவருக்கு அனுப்புவது இரண்டாம் பணி. முதற்பணியில் நேரும் குறையை அணிந்திருப்பவர் உடனே உணர்ந்துவிடுகிறார். ஆனால் இரண்டாம் பணியில் நேரும் குறை மறுமுனைக்கு மட்டுமே கேட்பதால், பிறர் எடுத்துச் சொல்லும்வரை அவர் அதை அறிய வழியில்லை. 2025 ஜூன் மாதம் வெளியான ஆண்ட்ராய்டு 16 இயங்குதளம், இவ்விரு பணிகளையும் தனித்தனியே ஆளும் வசதிகளைத் திறன்பேசியின் அமைப்புகளுக்குள்ளேயே கொண்டுவந்துள்ளது. அவற்றின் தேவை, செயல்முறை, எல்லை ஆகியவற்றை இம்மதிப்பீடு ஆராய்கிறது.

அழைப்பின்போது சூழொலியை விடுவதா, அடைப்பதா என்ற கேள்வி புளூடூத்தோடு பிறந்ததன்று. இங்கிலாந்தில் ஜோசப் பொலியகாஃப் 1937-இல் காப்புரிமை பெற்ற தூண்டல் வளைய முறை, காந்தப்புலத்தின் வழியே ஒலிக்குறிகையைக் கருவிக்கு அனுப்பியது. அக்குறிகையை ஏற்பதற்கென்று கருவிக்குள் வைக்கப்படும் சிறிய கம்பிச்சுருள் ‘டெலிகாயில்’ எனப்படுகிறது. காதுக்குப் பின்னால் அணியும் பழைய கருவிகள் பலவற்றில் உள்ள சிறு பொத்தானை ‘டி’ நிலையில் வைத்தால் ஒலிவாங்கி அணைந்து சுருள் மட்டும் இயங்கும். ‘எம்டி’ நிலையில் வைத்தால் இரண்டும் சேர்ந்து இயங்கும். அப்பொத்தான் விரலுக்கெட்டும் இடத்தில் இருந்ததால் முடிவு முழுவதும் அணிந்திருப்பவருடையதாகவே இருந்தது. கம்பியில்லா இணைப்பு வந்தபின் அம்முடிவின் பெரும்பகுதி கருவியின் மென்பொருளுக்கும், அதைப் பொருத்திக்கொடுக்கும் செவித்திறன் வல்லுநரின் கணினிக்கும் இடம்பெயர்ந்தது.

குரலை யார் வாங்குவது என்பதில் நிறுவனங்கள் வெவ்வேறு வழிகளில் சென்றன. 2013-இல் தொடங்கிய ஆப்பிளின் ஐபோன் இணைப்பு முறையிலும், ஆண்ட்ராய்டுக்காகக் கூகுள் வகுத்த ‘ஆஷா’ என்னும் நெறிமுறையிலும் ஒலி திறன்பேசியிலிருந்து கருவியை நோக்கி மட்டுமே சென்றது. ஆகவே பேசுபவரின் குரலைத் திறன்பேசியே வாங்க வேண்டியிருந்தது. ஃபோனாக் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஆடேயோ பி-டைரக்ட் கருவி, சாதாரணப் புளூடூத் முறையைக் கையாண்டு, குரலையும் கருவியின் ஒலிவாங்கியாலேயே பெற்றது. திறன்பேசியைக் கையில் எடுக்காமலே பேசும் வாய்ப்பை இது தந்தது. ஆப்பிளும் 2021-இல் இருவழி இணைப்புக்கான ஆதரவை அறிவித்தது. 2020-இல் அறிமுகமான ‘எல்இ ஆடியோ’ என்னும் புதிய புளூடூத் தரம், குறைந்த மின்செலவில் இருவழி ஒலியைக் கடத்துவதற்கு எல்சி3 என்ற ஒலிச்சுருக்க முறையைக் கையாள்கிறது. 2023-இல் வந்த ரீசவுண்ட் நெக்ஸியா போன்ற கருவிகள் இத்தரத்தின் அடிப்படையில் அமைந்தவை.

இருவழி இணைப்பு பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் அது புதிய இடரையும் உடன் கொணர்ந்தது. காதுமடலின் மேலோ பின்புறமோ அமர்ந்திருக்கும் ஒலிவாங்கி, வாய்க்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் பின்தள்ளி நிற்கிறது. பேச்சின் தாழ்ந்த அதிர்வெண்கள் எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளைத் தாங்கிவரும் உயர்ந்த அதிர்வெண்களோ பெரும்பாலும் முன்னோக்கியே செல்கின்றன. இதனால் காதருகே வாங்கப்படும் குரலில் சொற்களைப் பிரித்தறிய உதவும் கூர்மை குறைகிறது. மின்விசிறியின் நேர்க்காற்று, மொட்டைமாடிக் காற்று, பேருந்து நிலைய இரைச்சல் ஆகியவை இதனோடு சேரும்போது, அணிந்திருப்பவருக்கு மறுமுனையின் பேச்சு தெளிவாகக் கேட்க, மறுமுனையில் இருப்பவரோ ‘விட்டுவிட்டுக் கேட்கிறது’ என்று முறையிடும் நிலை உண்டாகிறது. அணிந்திருப்பவர் தம் செவித்திறனையே அதற்குக் காரணமாக எண்ணிப் பேச்சைச் சுருக்கிக்கொள்ளவும் கூடும். ஒலிவாங்கி இருக்கும் இடத்தின் குறையை அவர் தம் குறையாகச் சுமக்க வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு 16-இன் முதல் வசதி இவ்விடரையே தீர்க்க முனைகிறது. எல்இ ஆடியோ கருவியை இணைத்தபின், அக்கருவிக்குரிய அமைப்புப் பக்கத்தில், அழைப்புகளுக்குக் கருவியின் ஒலிவாங்கியைப் பயன்படுத்துவதா, திறன்பேசியின் ஒலிவாங்கியைப் பயன்படுத்துவதா என்று தெரிவுசெய்யலாம். இரண்டாவதைத் தெரிவுசெய்தால் மறுமுனையின் குரல் வழக்கம்போல் இரு காதுகளுக்கும் வந்துகொண்டிருக்க, பேசுபவரின் குரலைத் திறன்பேசி வாங்கிக்கொள்கிறது. இரைச்சலான இடத்தில் இதன் பயன் தெளிவானது. திறன்பேசியை வாய்க்கு அருகில் பிடிக்கலாம் என்பதோடு, இரைச்சலைப் பிரித்தகற்றும் செயலாக்கமும் பேச்சுக்கென்றே அமைந்த ஒலிவாங்கிகளும் அதில் உள்ளன. ஆனால் இத்தெரிவு கைகளைக் கட்டிப்போடுகிறது. திறன்பேசி சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் குரல் மங்கும், அல்லது எட்டாமலே போகும். ஆகவே அமைதியான வீட்டில் கைவேலையுடன் பேசுபவருக்குக் கருவியின் ஒலிவாங்கியும், தெருவிலும் பயணத்திலும் பேசுபவருக்குத் திறன்பேசியின் ஒலிவாங்கியும் பொருந்தும் எனலாம்.

இரண்டாம் வசதி சூழொலியைப் பற்றியது. ஸ்ட்ரீமிங் எனப்படும் முறையில், திறன்பேசியில் ஓடும் பாட்டோ செய்தியோ அழைப்போ காற்றில் பரவாமல் நேரே கருவிக்குள் வருகிறது. அப்போது ஒலிவாங்கி வழியே வரும் சூழொலியைப் பல கருவிகள் ஓரளவு தாமாகவே தாழ்த்துகின்றன. எந்த அளவுக்குத் தாழ்த்துவது என்பது பொருத்தும்போது தீர்மானிக்கப்படுவதால், இடத்துக்கிடம் மாறும் தேவைக்கு அது ஈடுகொடுப்பதில்லை. கருவி நிறுவனங்களின் செயலிகள் சிலவற்றில் மட்டும் கிடைத்துவந்த இக்கட்டுப்பாட்டை, ஆண்ட்ராய்டு 16 திறன்பேசியின் பொது அமைப்பாகவே தருகிறது. ஸ்ட்ரீமிங்கின் ஒலியளவைத் தொடாமல் சூழொலியை மட்டும் கூட்டவும் குறைக்கவும் முற்றிலும் அடைக்கவும் முடிவதோடு, இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வெவ்வேறு அளவுகளை வைக்கவும் முடிகிறது. ஒருபுறம் இரைச்சலும் மறுபுறம் பேச்சுத்துணையும் இருக்கும் பேருந்துப் பயணத்தில் இப்பிரிப்பு மெய்யான பயன் தரும்.

எனினும் சூழொலியை அடைப்பதற்கு இரண்டு எல்லைகள் உண்டு என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, காதுக்குள் செல்லும் மென்மையான நுனி, அதாவது ‘டோம்’, திறந்த வகையாக இருந்தால், ஒலிவாங்கியை அடைத்தாலும் வெளியொலி காற்றிடைவெளி வழியே இயல்பாகவே உள்ளே வரும். குறிப்பாகத் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலை எந்த மென்பொருள் பொத்தானாலும் அங்கே தடுக்க இயலாது. இரண்டாவது, நுனி மூடிய வகையாக இருந்தால் சூழொலி அடைபடும்போது அணிந்திருப்பவரின் சொந்தக் குரலும் ஒலிவாங்கி வழியே வருவது நின்று, குடத்துக்குள் பேசுவதுபோல் அவருக்குத் தோன்றும். தம் குரலின் அளவை மதிப்பிட முடியாமல் அவர் தேவைக்கு மேல் உரக்கப் பேசக்கூடும். எனவே அழைப்பின்போது சூழொலியை முற்றிலும் அடைப்பதைவிடத் தாழ்த்தி வைப்பதே பெரும்பாலோருக்கு ஏற்றது. சாலையில் நடக்கும்போது அடைத்தல் ஆபத்தானது. வாகன ஒலி காதுக்கு வருவதைவிட எந்த அழைப்பும் முதன்மையானதன்று.

இவ்வசதிகளின் பெரிய குறை அவை எட்டும் பரப்புதான். இவை எல்இ ஆடியோ கருவிகளுக்கு மட்டுமே உரியவை. ஆண்ட்ராய்டு 16 இருந்தால் மட்டும் போதாது. திறன்பேசியின் வன்பொருளும் காதொலிக் கருவியும் எல்இ ஆடியோவை ஏற்க வேண்டும். ஆஷா முறையில் இணையும் கருவிகளை வைத்திருப்போருக்கு அழைப்பில் திறன்பேசியின் ஒலிவாங்கி மட்டுமே தொடரும். காதொலிக் கருவி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும் பொருட்செலவில் வாங்கப்படுவது. எனவே இவ்வசதிக்காக மட்டும் நல்ல நிலையில் உள்ள கருவியை மாற்றுமாறு பரிந்துரைக்க இயலாது. இன்னொரு குறை, தெரிவுகள் அமைந்துள்ள இடம் பற்றியது. எந்த ஒலிவாங்கி என்பதை அமைப்புப் பக்கத்துக்குள் சென்று முன்கூட்டியே வரையறுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இரைச்சல் முன்னறிவிப்பின்றி வருவது. அழைப்புத் திரையிலேயே ஒரே தொடுகையில் மாற்றும் பொத்தான் அமைந்தால், கண்பார்வைக் குறையும் விரல் நடுக்கமும் இடர்தரும் முதியவர்களுக்கு அது பேருதவியாகும்.

புதிதாகக் கருவி வாங்க இருப்போருக்கு இம்மதிப்பீட்டின் பரிந்துரை தெளிவானது: வாங்கும் கருவியிலும் திறன்பேசியிலும் எல்இ ஆடியோ ஆதரவு இருப்பதை உறுதிசெய்துகொள்வது நன்று. பொருத்தும் நாளிலேயே, ஸ்ட்ரீமிங்கின்போது சூழொலி எவ்வளவு தாழ வேண்டும் என்பதைச் செவித்திறன் வல்லுநரிடம் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வீட்டாரில் ஒருவரை மறுமுனையில் வைத்து, மின்விசிறிக்குக் கீழும் தெருவோரத்திலும் இரு ஒலிவாங்கிகளையும் மாற்றி மாற்றிச் சோதித்து, அவருக்கு எது தெளிவாகக் கேட்கிறது என்று கேட்டறிய வேண்டும். சாதாரண அழைப்பையும் வாட்ஸ்அப் அழைப்பையும் தனித்தனியே சோதிப்பது தேவை. ஏனெனில் ஒலியைக் கையாளும் வழி செயலிக்குச் செயலி மாறக்கூடியது. செவித்திறன் குறைந்தவர் நன்றாகக் கேட்க வேண்டும் என்பதிலேயே இதுகாறும் கவனம் குவிந்திருந்தது. அவர் பேசுவதும் பிறருக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதை ஆண்ட்ராய்டு 16 கணக்கில் எடுத்திருப்பதால், குறைகள் இருப்பினும் இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே.