காட்டேறியும் நகையும்: மட்டக்களப்பு மரபரங்கை முன்னிறுத்திய ஒரு நோக்கு

அஞ்சத்தக்கதை நகைப்புக்குரியதாக்குதல் அரங்கின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்றாகும். இரத்தம் குடிக்கும் பேயின் கதையும் இதற்கு விலக்கன்று. ஆங்கிலத்தில் பொலிடோரி எழுதிய இரத்தக்காட்டேறிக் கதை 1819 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே பாரிசு நகரில் நோடியேயின் முயற்சியால் அக்கதை மேடையேறிற்று. அதே 1820 இல், அதே நகரில், ஸ்கிரீப் என்னும் நாடகாசிரியர் காட்டேறி மோகத்தை எள்ளி நகையாடும் இன்பியல் நாடகமொன்றினை அரங்கேற்றினார். அச்சம் மேடைக்கு வந்து ஆறுவதற்குள் நகையும் வந்து சேர்ந்துவிட்டது. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவல் 1897 இல் வெளியாகி, 1924 இல் இங்கிலாந்தின் டார்பி நகரில் நாடகமாயிற்று. 1984 இல் நியூயோர்க்கில் சார்ள்ஸ் லட்லம், இரண்டே நடிகர் உடைமாற்றி உடைமாற்றிப் பல பாத்திரங்களை ஆடும் நகை நாடகமாக அவ்வகைக் கதைகளையெல்லாம் கலைத்துப் போட்டார். இன்று மேலைநாட்டுச் சமூக அரங்கக் குழுக்கள் காட்டேறி நகைநாடகங்களை எளிதாக ஆடிவிட்டுப் போகின்றன. அங்கு பார்ப்போர் எவரும் வீடு திரும்பும் வழியில் காட்டேறிக்கு அஞ்சுவதில்லை.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நிலைமை அத்தகையதன்று. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பேச்சியம்மனுக்குக் கோயிலுண்டு. வைரவருக்கும் காளிக்கும் சடங்குண்டு. உடுக்கொலி கேட்டுத் தெய்வமாடுவோரும், கட்டாடியாரின் வாக்குக்காகக் காத்திருப்போரும் இன்றும் உள்ளனர். பேய் என்பது இங்கு கதைப்பொருள் மட்டுமன்று. நோயின் பெயராகவும் நள்ளிரவின் பெயராகவும் அது வழங்குகின்றது. இத்தகைய சூழலில் பேயை நகைப்பொருளாக்கும் அரங்கு எதனைச் செய்கின்றது? யாருடைய அச்சத்தை அது போக்குகின்றது? யாருடைய அச்சத்தை அது எள்ளுகின்றது? இவ்வினாக்களே இங்கு ஆராயப்படுகின்றன.

இவற்றை அணுகுதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நல்லதோர் அளவுகோலைத் தருகின்றது. நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும், அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினையும் அது வகுக்கின்றது. இவ்விரு வகைப்பாடுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓருண்மை புலப்படும். அணங்கினால் வரும் அச்சம் ஒன்று. அரசினால் வரும் அச்சம் மற்றொன்று. பிறரை எள்ளிச் சிரித்தல் ஒன்று; தன் பேதைமையைத் தானே கண்டு சிரித்தல் மற்றொன்று. பேய் நாடகமொன்றின் தரத்தை அறிய வேண்டுமாயின், எவ்வச்சத்துக்கு எந்நகை மறுமொழியாக வைக்கப்பட்டது என்று வினவுதல் வேண்டும்.

தமிழிலே பேயை நகைப்பொருளாக்கிய தலைசிறந்த படைப்பு செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி என்பதில் ஐயமில்லை. அதிலே பேய்கள் பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன, போர்க்களம் சென்று குருதியும் நிணமும் கொண்டு கூழ் அடுகின்றன. கூழ் பங்கிடும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் எனச் சமூகமே வரிசையில் வந்து நிற்கின்றது. ஒவ்வொரு பேயும் தன் குலத்தின் வழக்கத்தையும் தன் உடலின் குறையையும் விடாது கூழுண்ண முயல்வதே நகைக்குக் காரணம். விருந்தொன்றிற் காணும் மனித இயல்புகள் அனைத்தும் பேய்ப்பந்தியிலும் காணப்படுகின்றன. இவ்வளவு துல்லியமான அங்கதம் பழந்தமிழிற் பிறிதோரிடத்திற் காண்டல் அரிது.

எனினும் திறனாய்வாளன் ஒரு வினாவைத் தவிர்க்கவியலாது. அக்கூழ் யாருடைய குருதி? முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வென்ற கலிங்க வீரரின் குருதி அது. பேய்கள் உண்டு களித்து வாழ்த்துவது வென்றவனையே. எனவே பரணியின் நகை வென்றவர் அவையிற் பிறந்த நகை. தோற்றவர் வீட்டில் அது செல்லாது. பேய் வேடிக்கையாகத் தோன்றுவதற்கு, செத்தவன் பெயரற்றவனாக இருத்தல் வேண்டியதாயிற்று. இது பரணியின் கவித்துவத்தைக் குறைத்துவிடாது. ஆயின் அதன் நகைக்கு இருந்த விலையைக் காட்டுகின்றது.

இதற்கு நேர்மாறான மரபொன்று இலங்கையின் தென்பகுதியில் உண்டு. சிங்கள மக்களின் தொவில் சடங்குகளுள் ஒன்றாகிய சன்னி யக்குமவில், பதினெட்டுச் சன்னிப் பேய்கள் முகமூடி பூண்டு தோன்றும். ஒவ்வொன்றும் ஒரு நோய்க்குரியது. சிங்கள நம்பிக்கையில் ரிரி யக்கா என்னும் இரத்தப் பேயும், மகாசோனா என்னும் மயானப் பேயும் மிகக் கொடியவை. இரவு முழுவதும் பறையொலியும் தீப்பந்தமும் அச்சத்தைப் பெருக்கும். பின்னரே நகைக்காட்சிகள் வரும். அப்போது களத்திற்கு வரும் பேய் பறையடிப்பவருடன் வாதாடும், சொற்களைத் தவறாக விளங்கிக்கொள்ளும், ஏமாறும், கூடியிருப்போர் சிரிப்பர். புரூஸ் கப்பெரர் என்னும் மானிடவியலாளர் 1983 இல் வெளியிட்ட தம் நூலில், இந்நகை வெறும் கேளிக்கையன்று, நோயாளியை மீண்டும் ஊரோடு சேர்க்கும் மருத்துவம் என்று விளக்கினார். நோயாளி சிரிக்கும்போது பேயின் ஆட்சி முடிகின்றது. சிங்கள நாட்டார் அரங்கை 1952 இலேயே விரிவாக ஆராய்ந்த எதிரிவீர சரச்சந்திர, 1956 இல் மனமே நாடகத்தைப் படைத்தபோது இத்தகைய மரபுகளின் வலிமையை நன்கறிந்தே இருந்தார்.

சன்னி யக்குமவிலிருந்து கற்கத்தக்கது அதன் ஒழுங்குமுறையாகும். முதலில் அச்சம் முழுமையாக ஒப்புக்கொள்ளப்படுகின்றது. அதன் பின்னரே நகை அனுமதிக்கப்படுகின்றது. அஞ்சுபவரை எவரும் எள்ளுவதில்லை. எள்ளப்படுவது பேயே. பரணியிற் பேய் வென்றவனின் விருந்தினன். சன்னிச் சடங்கிலே பேய் நோயாளி முன்னிலையில் தோற்றவன். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது.

மட்டக்களப்பு மரபில் இவ்விடயத்தோடு மிக நெருங்கிய உறவுடையது மகிடிக் கூத்தாகும். பேராசிரியர் சி. மௌனகுரு 1983 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்திற்காக மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்தபோது, வடமோடி, தென்மோடி ஆகியவற்றோடு பறைமேளக் கூத்து, வசந்தன் கூத்து, மகிடிக் கூத்து ஆகியவற்றுக்கும் உரிய இடம் அளித்தார். மலையாள நாட்டிலிருந்து வந்த மந்திரவாதிக்கும் உள்ளூர் மந்திரவாதிக்கும் இடையிலான போட்டியே மகிடியின் கரு. ஒருவன் மந்திரத்தால் மற்றவன் ஆட்களை விழுத்துவதும், விழுந்தவரை மற்றவன் எழுப்புவதுமாக ஆட்டம் நகரும். ஏட்டிலுள்ள பாட்டை நம்பிய வடமோடி, தென்மோடி ஆட்டங்களைப் போலன்றி, மகிடியிற் பேச்சு பெரும்பாலும் களத்திலேயே பிறக்கின்றது. அன்றைய ஊர்ச் செய்தியும், ஊர்ப் பெரியவரின் நடையும், அயற்கிராமத்தவரின் பேச்சும் அதனுட் புகுந்துவிடும்.

மகிடியின் நகை எங்கே பிறக்கின்றது என்பதே ஊன்றி நோக்கற்பாலது. மந்திரத்தை நம்பாதோர் மந்திரத்தை நம்புவோரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பன்று அது. மந்திரத்தை நம்பும் ஊரே மந்திரவாதியின் வீறாப்பைப் பார்த்துச் சிரிக்கின்றது. பகலிற் கட்டாடியாரிடம் நூல் கட்டிக்கொண்டவரும் இரவிலே மகிடி பார்த்துச் சிரிப்பார். இதில் முரண்பாடு ஏதுமில்லை. அவர் சிரிப்பது அணங்கைப் பார்த்தன்று. அணங்கின் பெயரால் அதிகாரம் கொள்பவனைப் பார்த்து. மெய்ப்பாட்டியல் கூறும் எள்ளல் இங்கு மேலிருந்து கீழ்நோக்கிப் பாயாமற் கீழிருந்து மேல்நோக்கி எழுகின்றது. மகிடியின் கலைவெற்றி இதுவேயெனலாம்.

ஆயினும் மகிடிக்கும் ஒரு குறையுண்டு. பேயையும் சூனியத்தையும் அயல்நாட்டவன் தலையிற் சுமத்துதல் எளிது. டிராகுலாவும் கிழக்கிலிருந்து இலண்டனுக்கு வந்த அயலவனே. இவ்வழக்கம் தன் மீதே திரும்பும்போது எத்துணைக் கசப்பானது என்பதை மட்டக்களப்பார் நன்கறிவர். மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்னும் பேச்சு பிற பகுதித் தமிழரிடையே நெடுங்காலம் வழங்கி வந்தது. வீ. சீ. கந்தையா 1964 இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலில் இப்பிரதேசத்தின் வளத்தையும் வழக்காறுகளையும் விரித்தெழுதியமைக்கு, இத்தகைய ஏளனத்தின் முன் ஒரு பண்பாட்டை அதன் மெய்யுருவிற் காட்டவேண்டிய தேவையும் பின்புலமாக இருந்தது. ஒரு பிரதேசம் முழுவதையும் மந்திரவாதியாக்கிச் சிரித்தவர் இருந்தனர். அச்சிரிப்பைச் சுமந்த மண் மலையாளத்தானை மந்திரவாதியாக்கிச் சிரிக்கும்போது சற்றே நின்று சிந்தித்தல் நன்று.

கூத்தின் ஆக்கமுறை அத்தகைய சிந்தனைக்கு இடமளிப்பது. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்னும் படிநிலைகள் மாதக்கணக்கில் நீள்வன. களரியைச் சுற்றி ஊர் ஒவ்வொரு கிழமையும் கூடுகின்றது. அண்ணாவியாரின் மத்தளத்தோடு ஊரின் கருத்தும் கேட்கின்றது. 1962 இல் கர்ணன் போர், 1964 இல் இராவணேசன் எனப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலிருந்து கூத்தை நகர மேடைக்குக் கொணர்ந்தபோது, கூத்து சுருக்கமும் செப்பமும் பெற்றது. கற்றோர் மதிப்பையும் பெற்றது. ஆயின் ஊரவர் இடைமறித்துப் பேசும் அந்த நீண்ட ஒத்திகை மேடையோடு வரவில்லை. 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் சீலாமுனையிற் கலாநிதி சி. ஜெயசங்கர் முன்னின்ற கூத்து மீளுருவாக்கம் அவ்விடத்தையே மீளத் திறந்தது. கூத்துப் பனுவலில் பெண்களும் தாழ்த்தப்பட்டோரும் சித்திரிக்கப்பட்ட முறையை ஊரவரும் அண்ணாவியாரும் கலைஞரும் கூடியிருந்து வினவினர். அரசன் பாட்டாலும் ஆட்டத்தாலும் உயர்த்தப்பட, ஏவலரும் எளியோரும் நகைக்கு விடப்படும் வழக்கம் அவ்வாறான உரையாடலுக்கு உட்பட்டே ஆகவேண்டும்.

இவையெல்லாம் ஏட்டுச்சுரைக்காய் அல்ல என்பதை 2011 ஆகஸ்ட் மாதம் உணர்த்திற்று. கிறீஸ் பூதம் எனவும் மர்ம மனிதன் எனவும் பெயர்பெற்ற அச்சம் மலையகத்திலிருந்து பொத்துவில், மட்டக்களப்பு, கிண்ணியா, புத்தளம், யாழ்ப்பாணத்து நாவாந்துறை எனப் பரவிற்று. உடலெங்கும் கிறீஸ் பூசியவர் பெண்களைத் தாக்குவதாகவும் இரத்தம் எடுப்பதாகவும் ஊர்கள் நடுங்கின. பெண்கள் இரவில் ஓரிடத்திற் கூடித் துயின்றனர், ஆண்கள் காவலிருந்தனர். விரட்டப்பட்டோர் படைமுகாம்களுக்குள் ஓடி மறைந்தனர் என்று பல ஊர்களில் மக்கள் குற்றஞ்சாட்டினர், அரசு மறுத்தது. புத்தளத்தில் நிகழ்ந்த மோதலிற் பொலிசார் ஒருவர் கொல்லப்பட்டார். நாவாந்துறையில் இளைஞர் பலர் தாக்கப்பட்டுக் கைதாயினர்.

அந்நாட்களிற் கொழும்பு ஏடுகள் சிலவற்றிலும் நகரத்துப் பேச்சிலும் இது நாட்டுப்புறத்தாரின் மூடநம்பிக்கையாக நகையாடப்பட்டது. அந்நகையின் களன் மடன், பேதைமை என்பனவாம். பிறருடைய மடன், பிறருடைய பேதைமை. ஆனால் மெய்ப்பாட்டியலின் வகுப்பை மீண்டும் நோக்குவோமாயின், 2011 இன் அச்சத்தில் அணங்கு மட்டும் இருக்கவில்லை என்பது தெளிவாகும். இருளிற் புகும் கள்வரும் இருந்தனர். முகாமிலிருந்த இறையும் இருந்தது. முப்பதாண்டு போரில் ஆட்களை இரவில் இழந்த மக்கள், இரவில் வந்த ஒன்றுக்குப் பூதம் என்று பெயரிட்டனர். கள்வரென்றோ இறையென்றோ வெளிப்படச் சொல்ல அஞ்சியவர்க்கு அணங்கின் பெயர் ஒன்றே சொல்லத்தக்கதாக எஞ்சியது. அதனை மடமை என்று சிரித்தவர் பேயைக் கண்டு சிரிக்கவில்லை. பேய் பிடித்தவரைக் கண்டு சிரித்தனர்.

மௌனகுரு 1969 இற் படைத்த சங்காரம், சாதி, இனம், மதம், வர்க்கம் ஆகியவற்றை அரக்கராக்கிக் கூத்தின் ஆட்டத்தால் அவர்களை வீழ்த்திற்று. அரக்கனுக்குச் சமூகப் பெயர் இடுதல் அந்நாடகத்தின் வலிமை. ஆனால் அங்கு அரக்கன் நகைக்கத்தக்கவன் அல்லன், கொல்லத்தக்கவன். சங்காரத்தின் தெளிவும் மகிடியின் குறும்பும் ஒருங்கே அமைந்த ஆக்கமொன்று வாவிக்கரை அரங்குக்கு இன்று வேண்டப்படுகின்றது. அரக்கனைக் கொல்லும் நாடகம் பார்வையாளருக்கு வீரத்தைத் தரும். அரக்கனோடு வாதாடி அவன் பேச்சின் பொய்யை வெளிப்படுத்தும் நாடகமோ அவர்க்கு நாவைத் தரும். வாய்மூடி வாழப் பழகிய ஊருக்கு இரண்டாவதே முதலில் வேண்டியது.

ஆகவே மட்டக்களப்பிற் காட்டேறியை வைத்து நகைக்கூத்து ஆடவிழைவோர் மேலைநாட்டு நாடகத்தின் கறுப்பு மேலங்கியையும் கோரைப்பற்களையும் இரவல் கொள்ள வேண்டியதில்லை. அவர்க்குரிய வளம் அருகிலேயே உள்ளது. பரணியிலிருந்து பேய்ப்பந்தியின் அங்கதத்தைக் கொள்க; ஆனால் கூழுக்குரியவனின் பெயரை மறவாதிருக்க. சன்னிச் சடங்கிலிருந்து ஒழுங்கைக் கொள்க: அச்சத்தை மதித்த பின்னரே நகை. மகிடியிலிருந்து களத்திற் பிறக்கும் பேச்சைக் கொள்க. அயலவனைப் பேயாக்கும் வழக்கத்தை மட்டும் விடுக. கிழமைக் கூத்திலே ஊர்ப்பெண்கள், “இவ்விடத்தில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை” என்று கூறுவாராயின், அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி அதனைக் கேட்டல் வேண்டும். பேய்க்கூத்தின் வெற்றியை அளக்கவேண்டியது முன்வரிசையில் இருப்போரின் கைதட்டலைக் கொண்டன்று. கூத்து முடிந்த பின் இருளில் தனித்து வீடு செல்லவேண்டியவளின் சிரிப்பைக் கொண்டே அதனை அளத்தல் தகும்.