கொல்லிமலைப் பூவும் கண்ணாடி மணியும்

ஒரு கவிதைத் தொகுதி வெளிவந்தால் அதைப் பற்றி நான்கு பேர் எழுதுகிறார்கள். கோயிற் சிற்பத்துக்கும் கோபுரத்துக்கும் ஆராய்ச்சி நூல்கள் உள்ளன. ஊசியும் நூலும் கொண்டு செய்த வேலைப்பாட்டைக் கண்டால் மட்டும் "அழகாயிருக்கிறது" என்ற ஒற்றைச் சொல்லோடு நகர்ந்துவிடுகிறோம். ஆராயாமல் விடுவதற்கு அது நாகரிகமான ஒரு வழி. அவ்வேலை பெரும்பாலும் பெண்களுடையது. வீட்டுக்குள்ளோ மடத்துக்குள்ளோ நடப்பது. செய்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படாதது. நம் ஆலயத்தில் பீடத்துணியின் ஓரத்துப் பூவையும், மாதா சுரூபத்துக்குச் சாத்திய சேலையின் மணிக்கரையையும் எத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறோம்! அவை நல்ல வேலைதானா, நல்லதென்றால் எதனால் நல்லது என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

கண்ணாடி மணிகளால் பூக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து, அவற்றை ஒரு தொடராக இணைக்கும் கலையைக் குறித்து இங்கே அக்கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். அதற்கு உரைகல்லாகக் கொல்லிமலையை எடுத்துக்கொள்கிறேன். மலையைக் கொண்டு தையலை எடை போடுவது விந்தையாகத் தோன்றலாம். காரணம் போகப்போக விளங்கும்.

இன்று தமிழ்நாட்டில் இக்கலை பெரும்பாலும் 'ஆரி வேலை' என்ற பெயரில் வழங்குகிறது. தோல் தைப்பவரின் கொக்கி ஊசியிலிருந்து பிறந்தது அந்த ஆரி. கட்ச் பகுதியின் மோச்சிகள் என்னும் தோல்தொழிலாளர் அதனைத் துணிக்குப் பயன்படுத்திப் புகழ்பெற்றனர். மரச்சட்டத்தில் துணியைப் பறைத்தோல் போல இறுக்கிக் கட்டுவர். வரைந்த தாளில் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, அதைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் படம் புள்ளிபுள்ளியாகத் துணியில் இறங்கும். பின்னர் மணிகளைக் கோத்து ஒவ்வொன்றாக அமர்த்துவர். தொடராகச் செய்வோர், ஒவ்வொரு பூவையும் தனித் துணியில் முடித்து, ஓரத்தை நறுக்கி, பிறகு இரவிக்கையிலோ சேலையிலோ பீடத்துணியிலோ பொருத்துவதும் உண்டு. ஆக, தைப்பவர் இரண்டு தீர்ப்புகளை வழங்கவேண்டியிருக்கிறது. மணியை எங்கே வைப்பது என்பது ஒன்று. பூவை எங்கே வைப்பது என்பது மற்றொன்று. முதலாவதில் நம் பெண்களின் கை எந்நாட்டவர்க்கும் இளைத்ததன்று. இரண்டாவதில்தான் எனக்கு மனக்குறை.

எந்த ஊர்க் கடையிலும், எந்தத் திருமண வீட்டிலும் பாருங்கள். அதே ஐந்திதழ்ப் பூ, அதே ரோசா, அதே தாமரை, இடையிடையே அதே மாங்காய். முதற் பூவுக்கும் பத்தாம் பூவுக்கும் வேறுபாடு இல்லை. அளவு ஒன்று, நிறம் ஒன்று, முகம் பார்க்கும் திசையும் ஒன்று. இதைத் தொடர் என்று நான் சொல்லமாட்டேன். இது பெருக்கல் வாய்பாடு. தொடர் என்றால் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முன்னதைவிட ஏதோ ஒன்றைக் கூடுதலாகச் சொல்லவேண்டும்.

நாம் அன்றாடம் கையிலெடுக்கும் செபமாலையே இதற்கு எடுத்துக்காட்டு. இலத்தீனில் அதன் பெயருக்கு ரோசாத் தோட்டம் என்பது பொருள். ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் சொல்லுக்கே ஆதியில் செபம் என்பது பொருளாய் இருந்தது. அதில் பூவின் உருவம் எங்கும் இல்லை. ஐம்பத்து மூன்று சிறு மணிகளும் ஆறு பெரிய மணிகளும்தாம் உள்ளன. பத்துக்குப் பத்து இடைவெளி விட்டு, ஒரு பெரிய மணி தனியே நிற்கிறது. விரல் அங்கே நிற்கும்போது மனமும் அடுத்த மறையுண்மைக்குத் திரும்புகிறது. மணிகள் மாறுவதில்லை, அவற்றின்மேல் ஏற்றப்படும் நினைவு மாறுகிறது. அந்த இடைவெளியை எடுத்துவிட்டு எல்லா மணிகளையும் ஒரே சீராகக் கோத்தால் அது கழுத்தணி ஆகிவிடும். நம் மணித்தையலில் காணாமற்போனது இந்த இடைவெளிதான். விட்ட இடமெல்லாம் வேலையில்லாத இடம் என்று அஞ்சி நிரப்பிவிடுகிறார்கள்; கூலி கொடுப்பவரும் அப்படித்தான் கணக்கிடுகிறார்.

இந்தக் கடன்வாங்கிய பூக்கள் எங்கிருந்து வந்தன? 1821இல் நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பின்னல் வேலையைக் கற்பித்தார். அதில் ஈட்டிய பணத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்பது வரலாறு. 1897இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜிய நாட்டுக் கன்னியர் அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர் தொடங்கிய சபையும் ஆதரவற்ற சிறுமியருக்குப் பின்னலும் தையலும் கற்றுத்தந்தது. ஊசி ஒரு பெண்ணுக்குச் சோறும் மானமும் தந்த கதை இது. இதனை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் ஊசியோடு மாதிரிப் புத்தகமும் சேர்ந்தே வந்தது. அப்புத்தகத்தில் இருந்தவை ஐரோப்பியத் தோட்டத்துப் பூக்கள். கை விடுதலை பெற்றது. கண் மாதிரிப் புத்தகத்தை விட்டு அகலவில்லை.

மணியின் கதையோ இதற்கு நேர்மாறானது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் புதுவைக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கண்ணாடிக் குழலை மெல்லியதாக இழுத்து நறுக்கிச் சிறு மணிகள் செய்தனர். இத்தகைய மணிகள் கடல்கடந்து தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவின. அந்த உத்தி ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை நீடித்தது. பின்னர் வெனிசிலிருந்தும் பொகீமியாவிலிருந்தும் மணிகள் கிழக்கே வந்தன. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களின் பெரனாக்கான் பெண்கள் அவற்றைக் கொண்டு திருமணக் காலணிகளையும் விரிப்புகளையும் தைத்தனர். (மலாக்காவின் தமிழ் வழிவந்த செட்டிகளும் பெரனாக்கான்களே.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் செய்யப்பட்ட மேசைவிரிப்பு ஒன்று சிங்கப்பூர் பெரனாக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள். எங்கும் பூக்களும் பறவைகளும். பொறுமைக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. என்றாலும் எண்ணிக்கை ஒன்றே ஒரு படைப்பை உயர்த்திவிடுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. மணியைப் பெருக்குவது உழைப்பு; எந்த மணியை விடுவது என்று அறிவதே கலை.

இனி, கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறிச் சேரவேண்டிய மலை அது. ஊசிக்கும் அதற்கும் அப்படியும் ஓர் உறவு! வல்வில் ஓரி ஆண்ட நாடு. சங்கப் புலவர்கள் அம்மலையின் பாவையை மீண்டும் மீண்டும் பாடினர். தெய்வம் செய்துவைத்த உருவம் என்பது அதைப் பற்றிய நம்பிக்கை. அப்பாடல்களில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. வழக்கமாக உயிருள்ளதைப் பார்த்துச் சிற்பத்தை மதிப்பிடுவோம். கொல்லிப்பாவையிலோ செய்யப்பட்ட உருவம் அளவுகோலாகிறது. உயிருள்ள தலைவியை அதற்கு ஒப்பிடுகிறார்கள். கலைப்பொருள் இயற்கையின் நகலாக நில்லாமல், இயற்கையை நாம் காண உதவும் கண்ணாகிறது. மணிப்பூவையும் அப்படித்தான் எடைபோடவேண்டும் என்பேன். 'நிசப் பூ மாதிரியே இருக்கிறது' என்பது அதற்குப் பெருமையன்று. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி உருண்டைக்கு இதழின் மென்மையும் வராது, மணமும் வராது. அதைப் பார்த்தபின் மலையில் பூவைக் காணும்போது, முன்பு காணாததைக் காண்கிறோமா என்பதே கேள்வி.

1913இல் கொல்லிமலைக்குக் குடிவந்த ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் தம்பதியரை வாசகர்கள் அறிந்திருக்கலாம். தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்டின் பெற்றோர். ஈவ்லின் ஓவியம் பயின்றவர். கணவர் 1929இல் இறந்த பின்னும், முதுமையில் மீண்டும் மலைக்கு வந்து 1974இல் இறக்கும் வரை உழைத்தவர். எந்த மாதிரிப் புத்தகத்தையும் நாடாமல் எதிரே நின்ற மலையையே அவர் வரைந்தார். அயல்நாட்டார் ஒருவருக்குக் கிடைத்த அந்தப் பார்வை, மலையடிவாரத்தில் பிறந்தவர்களின் ஊசிக்கு ஏன் கிட்டவில்லை?

கிட்டுவதற்கு வழி நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. கொல்லிப் பாவையைப் பாடிய கபிலரே குறிஞ்சிப்பாட்டையும் இயற்றினார். அதில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த தொண்ணூற்றொன்பது பூக்கள் வரிசையாக வருகின்றன. காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று தொடங்குகிறது அவ்வரிசை. ஏடுகளில் விடுபட்டிருந்த பூப்பெயர்களைத் தேடி உ.வே.சாமிநாதையர் அலைந்த கதையும் தமிழருக்குத் தெரியும். கோவையில் ஒரு மணி குறைந்தால் அதை உணரும் கண் அவருடையது. அந்தப் பட்டியலைத் தையற்காரர் ஒருவர் படிக்கவேண்டிய முறையில் படித்துப் பாருங்கள். புலவர் எல்லாப் பூவுக்கும் ஒரே அளவு இடம் தரவில்லை. சிலவற்றுக்கு நிறமோ மணமோ கொத்தின் வடிவோ சொல்லும் அடைமொழி ஒன்றைச் சூட்டுகிறார். பலவற்றைப் பெயரளவில் சொல்லிக் கடந்துவிடுகிறார். நிற்பதும் கடப்பதுமான அந்த நடைதான் பட்டியலைக் கவிதையாக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி சேர்த்திருந்தால் நாம் பத்தாம் பூவிலேயே களைத்திருப்போம்.

இதே பூக்களை மணியில் எண்ணிப் பார்க்கலாம். வெட்சிக்கு நான்கே இதழ். நான்கு மணி, நடுவில் ஒரு புள்ளி வெற்றிடம், பூ முடிந்தது. ஆனால் ஒரு வெட்சிக்குப் பொருளில்லை, கொத்துக்குத்தான் பொருள். கொன்றையில் கொத்து கீழ்நோக்கித் தொங்கும். மேலே விரிந்த பூ, நுனியில் உருண்டை மொட்டு. அங்கே மணி எதையும் போலச் செய்யவேண்டியதில்லை, மொட்டே மணி வடிவுதான். பெரிய மணியிலிருந்து சிறிய மணிக்கு இறங்கினால் போதும். வேங்கைப்பூ கரும்பாறையில் உதிர்ந்து கிடக்கையில் புலியெனத் தோன்றும் என்பது சங்க மரபு; ஆகவே வேங்கையைத் தைப்பவர் பூவைத் தைப்பதைவிட உதிர்ந்த இடைவெளிகளைத் தைக்கவேண்டும்.

காந்தளோ தனியொரு தொடர். முதலில் பசுமஞ்சள், பின் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், முடிவில் முழுச் சிவப்பு என ஒரே பூ நாளுக்கு நாள் நிறம் மாறுகிறது. ஆறு இதழ்களும் அலைநெளிந்து பின்னோக்கி மடிகின்றன. இலையின் நுனியே பற்றுக்கம்பியாய்ச் சுருள்கிறது. ஐந்து துண்டுகளில் ஐந்து நாட்களைத் தைத்தால் எந்த இரண்டு துண்டும் ஒன்றாயிராது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதெனக் கொண்டதில்லை என்று சொன்னது. வெறும் பகட்டைவிட உயர்ந்த அழகையே நாடவேண்டும் என்றும், அது திருவுடைகளுக்கும் பொருந்தும் என்றும் சேர்த்துச் சொன்னது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் திருவுடைகளில் ஐரோப்பிய லீலியும் ரோசாவும்தாம் மிகுதி. அண்மைக்காலத்தில் அவற்றின்மேல் மினுக்கும் கற்களும் கூடியுள்ளன. தூய ஆவியின் பெருவிழாவுக்குரிய செந்நிறத் திருவுடையில் தழல்போல் எழும் காந்தளைத் தைக்க ஒரு மடத்துச் சகோதரியோ பங்கின் தையற்பெண்ணோ முன்வந்தால், அவருக்கு ஒரே ஒரு தொழிற்செய்தி. செந்துணியில் சிவப்பு மணி மறைந்துபோகும். ஒளி ஊடுருவும் மணியோ துணியின் நிறத்தையே வாங்கிக்கொள்ளும். ஒளி ஊடுருவாத மஞ்சள் மணியை இதழடியில் அடர்த்தியாக அமர்த்தி, நுனிக்குப் போகப்போக மணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி இரண்டு விரற்கடை துணியை வெறுமையாக விட்டுவிடலாம். அங்கே சிவப்பைத் துணியே பார்த்துக்கொள்ளும்.