நாய்க்கு நம்பிக்கை இல்லை, வளர்ப்பவருக்கு?

ராஜபாளையம் என்றதும் பஞ்சாலைகளோடு நம் நினைவுக்கு வருவது, பால் வண்ண மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட வேட்டை நாய். 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையிலும் இடம் பெற்ற பெருமை அதற்கு உண்டு. வளர்ப்பு நாய்களுக்கு ஓமியோபதி உருண்டைகளும் மூலிகைச் சாராயக் கரைசல்களுமே போதும், தடுப்பூசி வேண்டாம் என்போர் உளர். அவர்களது முக்கிய வாதம் இது: "நாய்க்கு மருந்தின்மேல் நம்பிக்கை கிடையாது. அப்படியிருந்தும் குணமாகிறதே!" இவ்வாதம் சரிதானா?

முதலில் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். மூலிகையில் வேதிப்பொருள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலைச் செடிகளும் இதற்கு விலக்கல்ல. பொருள் இருப்பதால் பலனும் இருக்கலாம், நஞ்சும் இருக்கலாம். பூண்டும் வெங்காயமும் மிகுந்தால் நாயின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைகின்றன. கரைசலிலுள்ள சாராயமும் குட்டிக்குத் தீங்கே.

1796-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் வகுத்த ஓமியோபதியின் நிலை வேறு. '30 சி' என்பது, நூற்றில் ஒரு பங்காக 30 முறை நீர்க்கப்பட்ட மருந்து. 12 முறையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது எஞ்சுவது அரிது. அவகாட்ரோ எண்ணை அறிந்த மாணவர் எவரும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பின் குணமாவது எப்படி? பல நோய்கள் தாமாகவே தணிகின்றன. மேலும், குணத்தை மதிப்பிடுபவர் மனிதர். 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூட்டு நோயால் நொண்டும் நாய்களுக்கு மருந்தற்ற மாத்திரை தரப்பட்டது. காலின் அழுத்தத்தை அளக்கும் கருவி முன்னேற்றம் காட்டாதபோதும், வளர்ப்பவர் பலர் "தேவலை" என்றனர். நம்பிக்கை நாயிடம் இல்லை. அதைப் பார்த்த கண்ணில் இருந்தது.

ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. வெண்ணிற நாய்களின் உட்செவியில் நிறமி அணுக்கள் இல்லாதபோது, ஒலியை உணரும் அணுக்கள் மடிகின்றன. மடிந்தவற்றை எந்தச் சொட்டு மருந்தும் எழுப்பாது. செவிட்டு நாய்களை இனப்பெருக்கத்தில் சேர்க்காதிருப்பதே வழி.

வெறிநாயின் உமிழ்நீரை மூலமாகக் கொண்ட 'லைசின்' என்னும் ஓமியோபதி மருந்தும் உண்டு. ஆனால் வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக மிக அரிது. 1885-இல் பாஸ்டர் வழிகாட்டிய தடுப்பூசியே காவல்.

நொண்டும் காலுக்கு உருண்டை கொடுத்து ஏமாந்தால் பணமும் நாளும் போகும். நாயின் வலி நீளும். தடுப்பூசிக்குப் பதிலாக அதைக் கொடுத்தால் போவது உயிர். அது நாயின் உயிர் மட்டுமன்று; அதனோடு விளையாடும் குழந்தையின் உயிரும்தான்.