பால்மாவின் கடற்புயலும் வசாரியின் தீர்ப்பும்

வெனிஸ் அக்காதெமியா சேகரிப்பைச் சேர்ந்த ‘கடற்புயல்’ ஓவியத்தை எடைபோட வருகிறவர் முதலில் ஜார்ஜோ வசாரியோடு வழக்காட வேண்டும். ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை 1550இல் வெளியிட்டபோது அவர் இதை வெனிஸ் ஓவியர் ஜார்ஜோனேயின் படைப்பு என்றார். 1568ஆம் ஆண்டின் விரிந்த பதிப்பில் பால்மா வெக்கியோவின் கணக்கில் சேர்த்தார். படமே நடுங்குவதுபோலத் தோன்றுகிறது என்று வியந்தார். இதை வரைந்த கையோடு பால்மா இறந்திருந்தால் எல்லாரையும் விஞ்சிய புகழ் பெற்றிருப்பார், வாழ்நாள் நீண்டதால் அந்த உயரத்தைக் காக்க முடியாமல் போயிற்று என்றும் முடித்தார். ஒரு படத்தைத் தூக்கிவைத்து ஒரு வாழ்க்கையைத் தள்ளுபடி செய்யும் தீர்ப்பு இது.

காலக்கணக்கே அதற்கு எதிராக நிற்கிறது. பெர்கமோ அருகே சேரினா என்ற மலையூரில் 1480 வாக்கில் பிறந்த யாக்கோப்போ நெக்ரெத்திதான் பால்மா. பொன்னிறக் கூந்தல் பெண்களையும், மரியாளைச் சூழ்ந்து புனிதர்கள் அமர்ந்திருக்கும் அமைதியான காட்சிகளையும் தீட்டி வெனிஸில் பெயரெடுத்தார். 1528இல் இறந்தபோது அவருடைய பட்டறையில் முடியாத ஓவியங்கள் பல கிடந்தன. புயல் ஓவியமும் அவருடைய கடைசிக் காலத்தது, அவருக்குப்பின் ஓவியர் பாரிஸ் பொர்தோனே முடித்தது என்பதே ஆய்வாளர்களிடையே வலுவான கருத்து. வசாரி கற்பனையாகச் சொன்னது ஏறக்குறைய நடந்தே இருக்கிறது. இந்த உயரத்திலிருந்து சரிய பால்மாவுக்கு நாளே மிச்சமில்லை.

சரி, படம் அந்த உயரத்தில் இருக்கிறதா? 1341இல் வெனிஸைப் புயல் சூழ்ந்த இரவில் மாற்கு, ஜார்ஜ், நிக்கொலாஸ் ஆகிய மூன்று புனிதர்களும் ஒரு கிழ மீனவனின் படகில் ஏறி, பேய்கள் நிறைந்த கப்பலைத் துறைமுக வாயிலில் எதிர்கொண்டு மூழ்கடித்தார்கள் என்பது நகரத்தின் நம்பிக்கை. மாற்குவைக் காவலராகக் கொண்ட அறச்சபையான ஸ்குவோலா கிராந்தே தி சான் மார்கோவின் கூடத்துக்காக, மூன்றரை மீட்டருக்கு மேல் உயரமும் நான்கு மீட்டர் அகலமுமாக, அந்தக் கதையைக் காட்டும் இந்த ஓவியம் எழுந்தது.

துடுப்பு வலிக்கும் பேய்களின் ஆடையற்ற உடல்கள்தான் இதன் உயிர். அலை ஒருபக்கம் தள்ள, ஆளின் வலு மறுபக்கம் இழுக்க, இரண்டுக்கும் நடுவே துடுப்பு வளைகிறது. காற்றை யாரும் வரைந்துவிட முடியாது. அதை எதிர்க்கும் முதுகை வரையலாம். பால்மா அதைச் செய்திருக்கிறார். வசாரியும் மிகச் சரியாக இங்கேதான் கண்ணை நிறுத்தினார். அந்தக் கண்ணை நான் முழுமையாக நம்புகிறேன்.

ஆனால் படம் சொல்லவந்தது புனிதர்களின் அற்புதத்தை. அதுவோ பெரும்பரப்பில் சிறுத்துப் போகிறது. அவர்களுடைய படகைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பேய்களின் தசைக்குக் கிடைத்த அக்கறை அருளுக்குக் கிடைக்கவில்லை. கடல் விலங்குகள் அச்சமூட்டுவதைவிட இடத்தை நிரப்புகின்றன. இதில் பால்மாவின் குறை எவ்வளவு, முடித்த கையின் குறை எவ்வளவு என்று கோடு கிழிக்க முடியாது. பிற்காலப் பழுதுபார்ப்புகளும் மேற்பூச்சுகளும் பரப்பை மாற்றிவிட்டதால் வானத்தின் இருளையோ நிறத்தையோ வைத்துப் புகழ்வதும் பழிப்பதும் நேர்மையாகாது. அமைப்பையும் உடல்களையும் மட்டுமே சாட்சியாக ஏற்கலாம்.

அந்த உடல்கள் வேறெங்கிருந்தோ திடீரென முளைக்கவில்லை. சாந்தா மரியா ஃபொர்மோசா தேவாலயத்தில் பீரங்கி வீரர்களின் சபைக்காக 1520களில் பால்மா தீட்டிய புனித பார்பராவைப் பாருங்கள். காலடியில் பீரங்கிகள் கிடக்க, எதற்கும் அசையாத கனத்தோடு நிற்கிறாள். உடலின் எடை தரையில் எப்படி இறங்குகிறது என்பதை வாழ்நாள் முழுதும் பயின்ற கை அது. புயலில் அதே எடைக்குத் தரை இல்லாமல் போகிறது, அவ்வளவே. ஆகவே அமைதிப் படங்களை இறக்கம் என்றும் புயலைச் சிகரம் என்றும் பிரித்த வசாரியின் தீர்ப்பு நிற்காது.

துடுப்புக்காரர்களின் பகுதி மட்டும் தனியே கிடைத்திருந்தால், 16ஆம் நூற்றாண்டு வெனிஸின் முதல்வரிசையில் தயங்காமல் வைப்பேன். முழுப் படமாக, இது பார்பராவுக்கு ஒரு படி கீழேதான். கதையைச் சொல்வதிலோ, இதே கூடத்துக்காக பொர்தோனே வரைந்த தொடர்ச்சி இதை மிஞ்சிவிடுகிறது: மாற்கு தந்த மோதிரத்தை மீனவன் ஆட்சித் தலைவரிடம் நீட்டும் அந்தப் படத்தில், நடந்தது என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.