பொம்மையின் கண்மட்டத்தில்

பொம்மை குழந்தைகள் சமாசாரம் என்பார்கள். நவராத்திரி சமயத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நாலு வீடு ஏறி இறங்கினால் அந்தப் பேச்சு எடுபடாது. படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, மேல்படியில் கலசத்தோடு மரப்பாச்சித் தம்பதியை நிறுத்துகிறவர்கள் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். குழந்தைகளுக்குக் கிடைப்பது சுண்டலும், "கை வைக்காதே" என்ற அதட்டலும்தான்.

கொலு வைப்பவர்கள் பக்தி என்று சொல்லிக்கொண்டாலும் அவர்கள் தேர்ந்த சேகரிப்பாளர்கள். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர வேண்டும் என்பது வழக்கம். அதற்காக ரயிலும் பஸ்ஸும் மாறி மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கும், அண்ணா சாலை பூம்புகார் கண்காட்சிக்கும் போகிறார்கள். தசாவதார செட், கல்யாண செட், அறுபடை வீடு செட் என்று கடைக்காரர் அடுக்கினாலும், ஒரே மாதிரி நிற்கும் பத்து மீனாட்சிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் ஒன்றை எடுப்பார்கள். பார்ப்பது முகத்தை. அச்சு ஒன்றுதான், கண் எழுதிய கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். புருவம் ஒரு நூல் ஏறினால் அம்மன் அதட்டுவாள், இறங்கினால் சிரிப்பாள். இந்த நூலளவு வித்தியாசத்தில்தான் பொம்மை ரசனையே இருக்கிறது.

மண் பொம்மையில் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனி அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டுவார்கள். உள்ளே கூடு. காதோரமாக இறங்கும் பொருத்துக் கோட்டை எவ்வளவு நன்றாக வழித்துவிட்டிருக்கிறார்கள் என்பதில் வேலைக்காரரின் பொறுமை தெரிந்துவிடும். பண்ருட்டி மண் பொம்மை மூக்கு உடைந்தால் உள்ளே செம்மண் நிறம். பிளாஸ்டர் என்றால் வெள்ளை. காகிதக் கூழ் பொம்மை கையில் எடுத்தால் கனக்காது, தட்டினால் மந்தமான சத்தம் வரும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஊசி முனையில் உட்கார்ந்து ஆடும்.

ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை. வேலைக்காகப் பல ஊர்க்காரர்கள் குடியேறிய வட்டாரம் இது. ஆந்திராவின் கொண்டப்பள்ளியிலிருந்து வந்த எடை குறைந்த மர பொம்மையும், அரக்குச் சாயம் மின்னும் கர்நாடகத்துச் சென்னபட்டணா பொம்மையும், தொந்தியும் விபூதிப் பட்டையுமாகக் கடை விரித்த நம்மூர்ச் செட்டியார் பொம்மையும் ஒரே படியில் நின்றால் இங்கே யாரும் அதிசயப்பட மாட்டார்கள்.

ஆனால் இத்தனையையும் நாம் எப்படிப் படம் எடுக்கிறோம்? வாசற்பக்கம் நின்று, ஒன்பது படியும் விழும்படி ஒரே கிளிக். அது கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ மாதிரி. எல்லாரும் இருப்பார்கள், யார் முகமும் தெரியாது.

பொம்மையைத் தனியாக எடுக்க வேண்டும். முதல் விதி, போனை அதன் கண்மட்டத்துக்கு இறக்குவது. மேலிருந்து எடுத்தால் அது அலமாரிச் சாமான். கண்ணுக்கு நேரே எடுத்தால் ஆள். இரண்டாவது, ஃபிளாஷ் வேண்டாம். எனாமல் பூச்சில் ஃபிளாஷ் பட்டால் கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் வரும் ஜன்னலோரம் போதும். பட்டுக் கரைக்குப் போட்ட பொட்டுகூட எழுந்து தெரியும். மூன்றாவது, ரொம்பக் கிட்டே போகாதீர்கள். கிட்டே போகப் போகப் பின்னணி கலங்கி, பொம்மை பொம்மையாகவே தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்தால் அதே செட்டியார் நிஜக் கடையில் உட்கார்ந்துவிடுவார். தலையாட்டியைத் தட்டிவிட்டு ஷட்டர் வேகத்தைக் குறைத்து எடுத்துப் பாருங்கள்: அடிப்பாகம் அசையாமல் நிற்க, மேலே ஆடுவதெல்லாம் காற்றில் கரையும்.

இந்தப் பித்து நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் மார்ச் 3 அன்று சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசனும் அரசியும் உச்சியில் கொலுவிருக்கிறார்கள். டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் ஒரு பொம்மை அருங்காட்சியகமே திறந்துவிட்டார். 1972இல் அமெரிக்காவில் வந்து, விலைபோகாமல் ஒரே வருஷத்தில் நின்றுபோன பெரிய கண் பொம்மை பிளைத். ஜினா காரன் என்ற பெண்மணி போகுமிடமெல்லாம் அதைக் கொண்டுபோய் எடுத்த படங்கள் 2000இல் புத்தகமாயின. அடுத்த வருஷமே ஜப்பானில் அந்தப் பொம்மை மறுபடி விற்பனைக்கு வந்தது. கைவிட்ட பொம்மைக்கு ஒரு கேமரா மறுபிறவி கொடுத்த கதை அது.

நம் பொம்மைகளுக்கும் அது தேவை. செய்தவர் பெயர் பெரும்பாலான கொலு பொம்மைகளின் அடியில் இருப்பதில்லை. உடைந்தால் அந்த முகம் போயே போச்சு. அந்த அச்சும் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. விஜயதசமி இரவு சம்பிரதாயத்துக்கு ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம். மறுநாள் பழைய துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவோம். சுற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஜன்னலோரம் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். எந்த ஊர்ப் பொம்மை, எந்த வருஷம் வாங்கியது, யார் தேர்ந்தெடுத்தது என்று படத்தோடு எழுதி வையுங்கள். பாட்டி காலத்து மரப்பாச்சியிலிருந்து ஆரம்பியுங்கள். அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது.