முதல் கேம்பர் வேன்

1947இல் டச்சு வணிகர் பென் பான் தன் குறிப்பேட்டில் கிறுக்கிய பெட்டி வடிவம், 1950இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் வேனாக உருண்டு வந்தது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தத் தொடங்கியது. எஞ்சின் பின்னால், அதைக் குளிர்விப்பது காற்று. ரேடியேட்டரே கிடையாது. என்ன எளிமை!

இத்தகைய பழைய வேனை முதல்முறை வாங்குபவர் பெயின்ட் பளபளப்பில் மயங்கிவிடுகிறார். பார்க்க வேண்டியது அடிப்பக்கத்தை. இந்த எஞ்சினைக் கழற்றி மாற்றுவது சுலபம்; துருப்பிடித்த பாடியை வெட்டி வெல்டிங் செய்வதில்தான் பணம் கரையும். கதவுக்கு அடியில் ஓடும் தகடு, சக்கர வளைவு, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு, பேட்டரி உட்காரும் தட்டு ஆகிய இடங்களில் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். ஒட்டவில்லையென்றால், பெயின்டுக்கு அடியில் இருப்பது இரும்பல்ல, பட்டி.

பழைய பெட்ரோல் குழாய்களை வாங்கிய கையோடு மாற்றிவிட வேண்டும். வெடித்த ரப்பரிலிருந்து கசியும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும்.

1967 வரை ஜெர்மனியில் தயாரான, இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி கொண்ட வேன்களுக்கு விலை மிக அதிகம். முதல் வண்டிக்கு எழுபதுகளின் ஒற்றைக் கண்ணாடி வேனே ஏற்றது. 1971 மாடலிலிருந்து முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் உண்டு.